ஒக்டோபருக்குப் பின் அறுகம்பே: பருவங்களும் தவணைகளும்

கேள்வி

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில் நகரைத் தாண்டி, களப்பின் மேலுள்ள பாலத்தைக் கடந்தால் அறுகம்பே. உள்ளூர்ப் பேச்சில் அது உல்லை. ஒரே நெடுந்தெரு, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பும் அதற்கப்பால் வயலும். ஜூலை மாதத்தில் இந்தத் தெருவில் இரவு பதினொரு மணிக்கும் கொத்துரொட்டி அடிக்கும் சத்தம் கேட்கும். முச்சக்கர வண்டிகளின் கூரையில் அலைச்சறுக்குப் பலகைகள் கட்டியிருக்கும். ஒக்டோபர் நடுப்பகுதியில் இவை ஒவ்வொன்றாகக் குறைகின்றன. நவம்பரில் பாதிக் கடைகள் பூட்டிக்கிடக்க, கபானாக்களின் கிடுகு மாரி மழையில் கறுத்துப்போகிறது.

சுற்றுலாத்துறையின் ஆவணங்களில் இந்த மாதங்களுக்கு அநேகமாக இடமே இல்லை. இருந்தால், நிரப்பப்பட வேண்டிய ஒரு வெற்றிடமாகவே வருகின்றன. ஆனால் பொத்துவில் பிரதேச செயலகப் பிரிவில் 2012 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 35,000 பேர் வாழ்கிறார்கள். பெரும்பான்மையினர் தமிழ் பேசும் முஸ்லிம்கள், அடுத்த தொகையினர் தமிழர். சிங்களக் குடும்பங்களும் உண்டு. வெள்ளைக்காரர் போன பிறகு இவர்கள் எங்கும் போய்விடுவதில்லை. சீசன் இல்லாத மாதங்களின் செலவை யார், எதைக்கொண்டு ஏற்கிறார்கள் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி. அந்த மாதங்கள் ஒரு நெருக்கடியாக உணரப்படுவது அண்மைக் காலத்து நிலைமை என்றும், அதற்கான காரணத்தை வானிலையிலோ விளம்பரக் குறைவிலோ தேடுவதைவிடக் கடன் அட்டவணைகளில் தேடுவது பொருத்தம் என்றும் வாதிட விரும்புகிறேன்.

அலையின் பருவம்

அறுகம்பேயின் சீசன் தொலைவில் உருவாகும் ஒன்று. தென்னரைக்கோளத்தில் மே முதல் செப்டெம்பர் வரை குளிர்காலம். தென்சமுத்திரத்துப் புயல்கள் எழுப்பும் நீண்ட அலைகள் வடக்கு நோக்கி ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் பயணம் செய்து, அறுகம்பே முனையில் வளைந்து, வரிசை தப்பாமல் உடைகின்றன. அதே மாதங்களில் தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நிலத்திலிருந்து கடல் நோக்கி அடிப்பதால் அலையின் முகம் கலையாமல் நிற்கிறது. ஒக்டோபரில் காற்று திசை மாறுகிறது. வாடைக்காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கத் தொடங்கியதும் அலை குழம்பி, கடல் கலங்கி, களப்பின் முகத்துவாரம் மழைவெள்ளத்தில் உடைகிறது.

இதே காற்று மாற்றம் தீவின் மறுகரையில் நேர்மாறாக வேலை செய்கிறது. ஹிக்கடுவை, வெலிகம, மிரிஸ்ஸ ஆகிய தென்கரை ஊர்களில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை சீசன். நாட்டுக்கு வரும் மொத்தப் பயணிகளின் உச்சமும் டிசெம்பரிலிருந்து மார்ச் வரைதான். ஆகவே அறுகம்பேயின் நாட்காட்டி நாட்டின் நாட்காட்டிக்குத் தலைகீழானது. கொழும்பில் ஹோட்டல்காரர்கள் அறை போதவில்லை என்று பேசும் வாரத்தில் உல்லையில் நாய்கள்தான் தெருவில் படுத்திருக்கும். சுற்றுலா வருமானம் பற்றிய தேசியப் புள்ளிவிவரங்களில் இந்த ஊர் காணாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்: மாதவாரித் தேசியச் சராசரியில் கிழக்கின் பள்ளத்தைத் தெற்கின் மேடு மூடிவிடுகிறது.

ஒக்டோபரில் ஊர் இரண்டாகப் பிரிகிறது. பலகை வாடகைக் கடை வைத்திருந்தோரில் ஒரு பகுதியினர், சமையற்காரர், யோகா வகுப்பு நடத்தியோர், அலைச்சறுக்குப் பயிற்றுநரில் இளையோர் ஆகியோர் மூட்டை கட்டிக்கொண்டு வெலிகம பக்கம் போகிறார்கள். இவர்களுக்கு ஆண்டு முழுவதும் சீசன்தான். மாறுவது கரை மட்டும். மீனவரிடையே இது பழைய வழக்கம். தென்கரைச் சிங்கள மீனவர் கச்சான் காலத்தில் கிழக்குக்கு வந்து வாடி போட்டுத் தங்கி, கடல் கலங்கும் காலத்தில் திரும்பிப்போவது சுற்றுலாவுக்கு நெடுங்காலம் முந்தியது. போக முடியாதவர்களைப் பற்றியதே இக்கட்டுரை: வீடும் வயலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும் உள்ளவர்கள்.

முந்தைய விளக்கங்கள்

சுற்றுலா ஆய்வில் பருவத்தன்மை என்பது பெரும்பாலும் ஒரு நோயாகவே பேசப்பட்டு வந்திருக்கிறது. 1975இல் ரஃபாயேல் பார்-ஓன் இதை முறையாக ஆராய்ந்தபோது இயற்கைக் காரணங்களையும் நிறுவனக் காரணங்களையும் பிரித்துக் காட்டினார். மழை, வெயில், அலை முதல் வகை. பள்ளி விடுமுறை, பண்டிகை, அலுவலக விடுப்பு இரண்டாம் வகை. அறுகம்பேயில் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன. ஐரோப்பாவின் கோடை விடுமுறையும் தென்சமுத்திரத்து அலையும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் சந்திப்பதால் உச்சம் கூர்மையானது, சரிவும் செங்குத்தானது. இப்பிரிப்பு பயனுள்ளது. ஆனால் இது பயணி ஏன் வருகிறார், ஏன் வருவதில்லை என்பதை மட்டுமே விளக்குகிறது. பயணி வராதபோது ஊர் என்ன செய்கிறது என்ற கேள்வியை அது எழுப்புவதில்லை. ரிச்சட் பட்லர் 1980இல் முன்வைத்த, சுற்றுலாத் தலங்கள் கண்டறியப்பட்டு வளர்ந்து தேங்கும் சுழற்சி பற்றிய மாதிரியும் அப்படித்தான். ஊர் ஒரு பொருளாகச் சந்தையில் எழுந்து விழும் வளைகோட்டைப் பார்க்கிறோம். அந்த ஊரில் மாரி பெய்வதில்லை.

இதற்கு மாறான ஒரு பார்வைக்கு மானிடவியலில் இன்னும் பழைய ஆதாரம் உண்டு. மார்செல் மோஸ், ஹென்றி பூஷாவுடன் சேர்ந்து 1904–05 ஆண்டிதழ்த் தொகுதியில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, எஸ்கிமோக்கள் என்று அப்போது அழைக்கப்பட்ட ஆர்க்டிக் சமூகங்களின் இருவேறு பருவ வாழ்க்கையை ஆராய்ந்தது. கோடையில் குடும்பம் குடும்பமாகச் சிதறி வேட்டையாடும் மக்கள் குளிர்காலத்தில் ஒன்றுகூடி அடர்த்தியான சமய, சமூக வாழ்க்கை வாழ்கிறார்கள். சட்டமும் சொத்துரிமையும்கூடப் பருவத்தோடு மாறுகின்றன. மோஸைப் படித்த பிறகு, ‘சீசன் இல்லாத மாதம்’ என்று எதிர்மறையில் பெயரிடுவதே ஒரு பக்கச் சார்பு என்பது தெரிகிறது. ஆயினும் அவருடைய மாதிரியை அப்படியே இங்கு பொருத்த முடியாது. அங்கே முழுச் சமூகமும் சேர்ந்து பருவம் மாறுகிறது. அறுகம்பேயிலோ ஒரே தெருவில் ஒரு வீடு மாரிக்குள் நுழைகிறது, அடுத்த வீடு வெலிகமவுக்குப் போகிறது, மூன்றாம் வீட்டின் சொந்தக்காரர் ஐரோப்பாவிலிருந்து வட்ஸ்அப்பில் காவலாளியிடம் கூரை ஒழுகுகிறதா என்று கேட்கிறார்.

இங்கே எனக்கு மிகவும் உதவுவது குளோத் மெய்யாசுவின் 1975ஆம் ஆண்டு நூல். மேற்கு ஆபிரிக்காவில் ஆய்வு செய்த அவர், பருவகாலத் தொழிலாளிக்கு நகரம் குறைந்த கூலி கொடுக்க முடிவது எப்படி என்று கேட்டார். வேலை இல்லாத மாதங்களில் அவனைத் தாங்குவதும், அவன் பிள்ளைகளை வளர்ப்பதும், முதுமையில் சோறு போடுவதும் கிராமத்து வீடும் வயலும் என்பது அவருடைய பதில். அந்தச் செலவு கூலியில் சேர்வதில்லை. அறுகம்பேக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், ஜூலையில் ஒரு பயணி மலிவென்று மெச்சும் அறை வாடகையில் டிசெம்பர் மாதத்து அரிசியின் விலை சேர்க்கப்படவில்லை என்றாகிறது. மெய்யாசுவின் வாதம் சற்றுப் பொறிமுறைத்தன்மை கொண்டது என்ற விமர்சனம் நியாயமானதே. குடும்பம் என்ற ஒன்றுக்குள் யார் தாங்குகிறார், யார் தாங்கப்படுகிறார் என்பதையும் நாம்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாரியில் எழும் ஊர்

சீசன் ஒடுங்கும் வாரங்கள்தான் பெரும்போகம் தொடங்கும் வாரங்கள். ஒக்டோபர் மழையோடு வயல் உழப்படுகிறது, நவம்பருக்குள் விதைப்பு, பெப்ரவரி, மார்ச்சில் வேளாண்மை வெட்டு. இலங்கையின் நெல் விளைச்சலில் முன்னணியில் நிற்கும் மாவட்டங்களில் ஒன்று அம்பாறை. கல்லோயாத் திட்டத்தின் நீர் பாயும் வடபகுதியைப்போல அன்றி, பொத்துவில் பக்கத்து வயல்களில் பல இன்னும் வானத்தையே நம்பியிருக்கின்றன. அங்கே சிறுபோகம் நிச்சயமற்றது. மாரி வேளாண்மைதான் வேளாண்மை. எனவே ஆண்டின் உழைப்புக் கணக்கு ஆச்சரியமூட்டும் அளவுக்குப் பொருந்திப்போகிறது: ஏப்ரலிலிருந்து செப்டெம்பர் வரை கரை, ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை வயல். விருந்தினர் விடுதியில் ஓகஸ்டில் கணக்கெழுதியவர் நவம்பரில் வரம்பில் நிற்பதை இங்கே யாரும் தொழில் மாற்றமாக நினைப்பதில்லை.

கடல் இந்தப் பொருத்தத்தில் சேர்வதில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். சுற்றுலா பற்றி எழுதுவோர் பலர் ‘சீசன் முடிந்தால் மீன்பிடிக்குத் திரும்புவார்கள்’ என்று எளிதாக எழுதிவிடுகிறார்கள். கிழக்குக் கரையில் மீன்பிடிக்கு உகந்த அமைதியான கடலும் சுற்றுலாப் பருவமும் ஒரே காலத்தில் வருகின்றன, ஒரே காலத்தில் போகின்றன. வாடைக்காற்றில் வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய சிறு வள்ளங்களால் முனையைத் தாண்ட முடியாத நாட்கள் பல. வள்ளங்கள் கரையில் ஏற்றி வைக்கப்படும் மாதங்களில் மீனவக் குடும்பத்துக்கு இருப்பது களப்பு. முகத்துவாரம் உடைந்து உப்பும் நன்னீரும் கலக்கும்போது இறாலும் நண்டும் படும். வீச்சுவலைக்கு அது நல்ல காலம். ஆனால் களப்பு சிறியது. கடல் தாங்கிய எல்லோரையும் அது தாங்காது.

காணியில்லாதவர்களின் மாரி இன்னும் மெலிந்தது. நாற்றும் களையும் பிடுங்கும் கூலி வேலை, வரம்பு கட்டுதல், இரவில் பரணில் ஏறி யானைக் காவல். யானையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. கோடை உச்சத்தில் லகுகலைக் குளத்தடியில் புல்லுக்காகக் கூடும் யானைகளைக் காட்டுவதற்கு ஜீப்புக்காரர் பயணியிடம் பணம் வாங்குகிறார். மழை தொடங்கியதும் அக்கூட்டங்கள் கலைந்து காடெங்கும் பரவுகின்றன. நெல் கதிர் தள்ளும்போது அவற்றில் சில வயலுக்கு வருகின்றன. ஓகஸ்டில் விற்பனைக்குரிய யானை ஜனவரியில் வெடி கொளுத்தித் துரத்தப்படுகிறது. இரண்டு கணக்கையும் ஒரே குடும்பம் எழுதுவதும் உண்டு.

விதைப்புக்கு முதலீடு தேவை. சீசன் காசில் மிச்சம் இருந்தால் அது விதைநெல்லாகவும் உழவு இயந்திரக் கூலியாகவும் மாறும். இல்லாவிட்டால் நகை வங்கிக்குப் போகிறது. கிழக்கில் நகை ஈடு என்பது அவமானத்துக்குரிய கடைசி வழி அல்ல. சாதாரணமான பருவகாலக் கொடுக்கல் வாங்கல். ஒக்டோபரில் ஈடு வைத்த காப்பு வேளாண்மை வெட்டிய பிறகோ அடுத்த சீசனில் அறைகள் நிரம்பிய பிறகோ மீட்கப்படும். கவனிக்க வேண்டியது, அந்தக் காப்பு பெண்ணுடையது என்பது. சுற்றுலாவில் இங்கே கூலிக்கு வேலை செய்யும் முஸ்லிம், தமிழ்ப் பெண்கள் மிகக் குறைவு. ஆனால் இரண்டு பருவங்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை அடைப்பதில் அவர்களுடைய சொத்தும், 1980கள் முதல் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்கள் அனுப்பிய பணமும் முன்னிற்கின்றன. மெய்யாசு சொன்ன ‘குடும்பம் தாங்குகிறது’ என்ற வாக்கியத்தின் எழுவாயை இங்கே மாற்றி எழுத வேண்டும்.

கரைக்காணி

மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் செய்த நெடுங்கால ஆய்வின் பயனான 2008ஆம் ஆண்டு நூல், கிழக்கிலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையையும், மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து மருமகனை அந்த வீட்டுக்கு அழைக்கும் வழக்கத்தையும் பகிர்ந்துகொள்வதை விரிவாகக் காட்டியது. இதனால் ஒரு தகப்பனின் வாழ்நாள் உழைப்பு மகள்மாருக்கு வீடு கட்டுவதிலேயே போகிறது. சீசன் காசு எங்கே போகிறது என்று கேட்பவர்கள் தெருவுக்குப் பின்னால், களப்புப் பக்கம், கம்பி நீட்டிக்கொண்டு பாதியில் நிற்கும் சீமெந்து வீடுகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு மாரிக்கு முன்னும் ஒரு சுவர் உயர்கிறது.

இந்தப் பின்னணியில் கரைக்காணியின் மதிப்பு இரட்டையானது. அது மகளுக்குரிய வளவு. அதே வேளை கபானா போடக்கூடிய இடம். சுனாமி இந்த இரட்டைத்தன்மையை உடைத்துத் திறந்தது. 2004 டிசெம்பர் 26 அறுகம்பேக்குச் சீசன் இல்லாத நாள். அன்று கரையில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஊர் மக்கள். இலங்கையில் இறந்த முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரில் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் இவ்வளவு பேரை இழக்கவில்லை. பிறகு வந்த கரையோரத் தடைவலயம் கிழக்கில் 200 மீற்றர் என்றானது. மீனவர் வீடு அதற்குள் திரும்பக் கூடாது, ஹோட்டல்களுக்கு மட்டும் இடமுண்டு என்பதே அப்போது எழுந்த பெரிய முறைப்பாடு. 2005இல் கோமாரியிலிருந்து பாணமை வரையான கரைக்கு வரையப்பட்ட மீள்கட்டுமானத் திட்டம் உயர்விலைச் சுற்றுலாவை மையமாகக் கொண்டிருந்தது. நயோமி கிளைன் 2007இல் வெளியான தமது நூலில் அறுகம்பேக்கு ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கி, பேரிடரைப் பயன்படுத்திக் கரையை மக்களிடமிருந்து கைப்பற்றும் முயற்சி என்று இதை விவரித்தார்.

கிளைனின் நூல் உலகெங்கும் படிக்கப்பட்டது. இந்த ஊரைப் பற்றி வெளியார் அறிந்தது பெரும்பாலும் அதன் வழியாகவே. அவர் கண்ட அபாயம் உண்மையானது. பாணமைப் பக்கம் 2010இல் குடும்பங்கள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டதும், 2015இல் அமைச்சரவை காணிகளின் பெரும்பகுதியை விடுவிக்கத் தீர்மானித்த பிறகும் இழுபறி தொடர்ந்ததும் அதற்குச் சாட்சி. ஆனால் உல்லையில் நடந்தது வேறு. நட்சத்திர ஹோட்டல்களின் வரிசை அங்கே எழவில்லை. தடைவலயம் தளர்ந்தது, பழைய சிறு விடுதிகள் திரும்பின, பல மடங்கு பெருகின. கைமாற்றம் நடந்தது, ஆனால் புல்டோசர் இல்லாமல்: பத்தாண்டு, இருபதாண்டுக் குத்தகையாக, பங்காளி ஒப்பந்தமாக, கடனுக்கு ஈடாக. ஊர்க்காரர் பெயரில் உறுதி இருக்கும். சீசன் வருமானம் வேறொருவர் கணக்கில் விழும். பேரிடரை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இந்த மெதுவான நகர்வு தப்பிவிடுகிறது. இத்தகைய ஒப்பந்தங்கள் பேசப்படுவதற்கு ஏற்ற காலம் எது என்று யோசித்தால், நவம்பருக்கும் ஜனவரிக்கும் இடையிலான மாதங்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். கையில் காசில்லை, வேளாண்மை பச்சையாக நிற்கிறது, கட்ட வேண்டியது காத்திருக்கிறது.

தவணை

கட்ட வேண்டியது என்ன? இங்கேதான் பழைய ஏற்பாட்டுக்கும் இன்றைய நிலைமைக்கும் இடையிலான வெடிப்பு தெரிகிறது.

பருவத்தோடு வாழும் ஊர்களில் கடனும் பருவத்தோடு வாழ்ந்தது. கடைக்காரர் கொப்பியில் எழுதிய கணக்கு வேளாண்மை வெட்டியதும் தீர்க்கப்பட்டது. வயற்காரனுக்கு நிலவுடைமையாளரான போடியார் கொடுத்த முற்பணம் களத்தில் நெல்லாகக் கழிக்கப்பட்டது. சுரண்டல் அதில் நிறையவே இருந்தது. அதை இனிமையாக்கிக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சுரண்டலுக்கும் மழை எப்போது பெய்யும் என்று தெரிந்திருந்தது. அரச வங்கிகளின் பயிர்ச்செய்கைக் கடனும் இதே தர்க்கத்தைப் பின்பற்றுகிறது: போகத் தொடக்கத்தில் கொடுத்து, அறுவடைக்குப் பின் அறவிடுவது. நகை ஈட்டிலும் வட்டி ஏறுமே தவிர, மாதந்தோறும் யாரும் வாசலில் வந்து நிற்பதில்லை.

கடந்த இருபது ஆண்டுகளில் சுற்றுலாவோடு வந்த கடன் வேறு வகை. முச்சக்கர வண்டி, வான், ஜீப் எல்லாம் லீசிங்கில் எடுக்கப்படுகின்றன. குளிரூட்டி பூட்டிய அறைகள் வங்கிக் கடனில் எழுகின்றன. உள்நாட்டுப் போருக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் பரவிய நுண்கடன் நிறுவனங்கள் பெண்களைக் குழுவாகச் சேர்த்து வாரத் தவணையில் அறவிடுகின்றன. இவை அனைத்துக்கும் பொதுவான ஒன்று உண்டு. ஆண்டின் பன்னிரண்டு மாதமும் அவற்றுக்கு ஒரே மாதிரி. ஓகஸ்டில் கட்டும் தொகைதான் டிசெம்பரிலும். ஆறு மாத வருமானத்தைக் கொண்டு பன்னிரண்டு மாதத் தவணை கட்டும் குடும்பம், சீசன் மிச்சத்தை வயலில் போடுவதா லீசிங்குக்கு ஒதுக்குவதா என்று தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. வண்டியைப் பறிகொடுத்தால் அடுத்த சீசனே இல்லை என்பதால் தவணைதான் வெல்லும். வயல் குத்தகைக்குப் போகும் அல்லது குறைந்த உரத்தோடு விதைக்கப்படும். மாரியைத் தாங்கிய தூண் இப்படித்தான் மெலிகிறது.

‘சீசன் குறுகிவிட்டது’ என்பது ஊரில் பொதுவாகக் கேட்கும் முறைப்பாடு. அலையின் காலம் குறுகவில்லை. மிச்சம் பிடிக்க வேண்டிய தொகை பெரிதாகிவிட்டது. முகவர் நிறுவனங்களின் இணையவழி முன்பதிவுக் கழிவு, போட்டியில் இறங்கும் அறை வாடகை ஆகியவற்றையும் சேர்த்தால், அதே ஆறு மாதம் முன்பைவிடக் குறைவாகவே தாங்குகிறது.

நோன்பின் நாட்காட்டியையும் இங்கே கணக்கில் எடுக்க வேண்டும். அலையும் நெல்லும் சூரியனைப் பின்பற்ற, ரமழான் சந்திரனைப் பின்பற்றி ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னோக்கி நகர்கிறது. 2014 முதல் 2018 வரை நோன்பு மே, ஜூன், ஜூலை மாதங்களில், சீசனுக்கு நடுவில் வந்தது. விடுதிச் சமையலறையில் நோன்போடு நின்று வெள்ளைக்காரருக்கு மதியச் சாப்பாடு ஆக்குவது கடினம். ஆனால் பெருநாள் செலவுக்குக் கையில் காசு இருந்தது. 2023 முதல் 2025 வரை மார்ச் மாதத்தில் தொடங்கி, வேளாண்மை வெட்டையொட்டி வந்தது. அதுவும் தாங்கக்கூடிய காலமே. 2030இல் ஜனவரியிலும் டிசெம்பர் இறுதியிலும் இருமுறை நோன்பு தொடங்கும். அதன் பின் பல ஆண்டுகள் அது வெறுங்கை மாதங்களின் ஊடாகவே நகரும். சுற்றுலாத் திட்டங்கள் எவையும் இந்த நாட்காட்டியைக் கணக்கில் கொண்டதாகத் தெரியவில்லை.

ஐந்து ஆண்டுகளின் சோதனை

மேற்கண்ட வாதத்தைச் சோதித்துப் பார்க்க 2019க்கும் 2024க்கும் இடைப்பட்ட ஆண்டுகள் உதவுகின்றன. வேறெந்தக் காலத்திலும் இவ்வளவு குறுகிய இடைவெளியில் ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்க்கப்படவில்லை.

2019 ஏப்ரல் 21இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகள். சீசன் தொடங்கும் தறுவாயில் பல நாடுகள் தம் மக்களை இலங்கைக்குப் போக வேண்டாமென்றன. ஓரளவுக்கு மீட்சி வந்து, செப்டெம்பரில் உலக அலைச்சறுக்குக் கழகத்தின் தகுதிகாண் போட்டியொன்று அறுகம்பேயில் நடந்தது. அடுத்த ஆண்டு பெருந்தொற்று. நாட்டுக்கு வந்தோர் தொகை 2018இல் 23 இலட்சத்துக்கு மேல்; 2020இல் ஏறத்தாழ 5 இலட்சம், அதுவும் பெரும்பாலும் ஆண்டின் முதல் மாதங்களில், அறுகம்பேயின் பருவத்துக்கு முன்; 2021இல் 2 இலட்சத்துக்கும் குறைவு. இரண்டு சீசன்கள் அடியோடு போயின. ஊர் அப்போதும் பட்டினியில் விழாமல் நின்றதற்கு 2020–21 பெரும்போகமும், கடன் தவணைகளுக்கு அரசு அறிவித்த தற்காலிகச் சலுகைக்காலமும் காரணமென்றே கருதுகிறேன். அதாவது, தவணை நிறுத்தப்பட்டதும் பழைய ஏற்பாடு மீண்டும் வேலை செய்தது.

2021இல் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டாலும் 2021–22 பெரும்போகத்துக்குக் காலம் கடந்திருந்தது; நாடு முழுவதும் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது. இக்காலப்பகுதியில் முதல் தடவையாகக் கரையும் வயலும் ஒரே ஆண்டில் கைவிட்டன. 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அவ்வாண்டுச் சீசனில் வந்த சில பயணிகளை ஏற்றப் பெற்றோல் இல்லை. ஓகஸ்டில் மின்கட்டணம் 75 சதவீதம் ஏறியது. கரைக் குத்தகைகள் பல கைமாறிய காலமாக ஊர் நினைவுகூருவது 2020ஐ அல்ல, 2022ஐ. சீசன் இழப்பு மட்டும் காணியை நகர்த்துவதில்லை. வயல் இழப்பும் வட்டி உயர்வும் அதோடு சேரும்போதுதான் நகர்கிறது என்று வாசிப்பது தகும்.

2024இன் நிகழ்வு வேறு பாடம். ஒக்டோபர் 23இல், அறுகம்பேப் பகுதியில் உல்லாசப் பயணிகளைக் குறிவைத்துத் தாக்குதல் நடக்கலாமென அமெரிக்கத் தூதரகம் எச்சரித்தது. இஸ்ரேல் தன் மக்களை உடனே வெளியேறச் சொன்னது. ஒக்டோபர்க் கடைசி வாரங்களில் வரும் பயணிகளில் இஸ்ரேலியர் கணிசமானவர்கள். வழக்கமாக மூன்று நான்கு வாரங்களில் வடியும் சீசன் இரண்டு மூன்று நாளில் முடிந்தது. நவம்பர் 13இல் தூதரகம் எச்சரிக்கையை விலக்கியபோது திறப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. நாளிதழ்கள் இதைப் பாதுகாப்புச் செய்தியாகவும் வெளியுறவுச் செய்தியாகவும் எழுதின. ஊருக்கு அது விதைநெல் வாங்க வேண்டிய வாரங்களின் காசு. சீசனின் வால்பகுதி அளவில் சிறியதாயினும், வயலுக்குப் போகும் பணம் அதிலிருந்தே வருகிறது. உச்ச மாதங்களின் வரவு ஏற்கெனவே தவணைக்குப் போய்விட்டிருக்கும்.

சீசனை நீட்டுதல்

பரவலாக முன்வைக்கப்படும் தீர்வு, ஆண்டு முழுவதும் பயணிகளை வரவழைப்பது: களப்பில் படகுச் சவாரி, குமண தேசியப் பூங்காவில் பறவை பார்த்தல், யோகா முகாம், மாநாடு. நல்ல யோசனைகள் அவற்றில் உண்டு. ஆனால் மூன்று தடைகளை எதிர்கொள்ளாமல் இந்தத் தீர்வைப் பேசுவது சரியல்ல.

மாரிச் சுற்றுலாவுக்கு மழை தாங்கும் கட்டடம் வேண்டும். கிடுகு வேய்ந்த கபானாவில் டிசெம்பர் மழையில் யாரும் தங்கமாட்டார்கள். கொங்கிறீற்றும் மின்பிறப்பாக்கியும் வைத்திருப்பவரே அந்த மாதங்களில் சம்பாதிப்பார். ஊரில் அவர்கள் சிலர், வெளியே பலர். அடுத்து, களப்பு ஏற்கெனவே வேறொருவருடைய மாரிக்காலச் சாப்பாடு. படகுச் சவாரி நடக்கும் நீரும் இறால் வலை வீசும் நீரும் ஒன்றே. கடைசியாக, உழைப்பு. ஜனவரியில் அறை துடைக்கப் போகும் ஆள் ஜனவரியில் வயலில் இல்லாத ஆள். நீட்டப்பட்ட சீசன் தரும் கூலி, விட்டுவந்த வேளாண்மைக்கு ஈடாகுமா என்ற கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வேலைவாய்ப்பு என்று பேசுவதில் பொருளில்லை.

இதைவிடச் சிறிய, கவர்ச்சியற்ற மாற்றம் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பயிர்ச்செய்கைக் கடனுக்கு உள்ள வசதியைச் சுற்றுலாக் கடனுக்கும் விரிப்பது: மே முதல் ஒக்டோபர் வரை கூடிய தவணை, மாரியில் வட்டி மட்டும் அல்லது அதுவும் இல்லை. லீசிங் நிறுவனங்கள் இதை எதிர்ப்பதற்கு வலுவான கணக்கியல் காரணம் எதுவும் தெரியவில்லை. கிழக்கில் தவணை பிந்தும் மாதங்கள் எவை என்பது அவர்களுடைய சொந்தப் பேரேட்டிலேயே இருக்கும். எதிர்ப்பு வேறிடத்திலிருந்து வரலாம். வெறுங்கை மாதங்களில் மலிவாகக் காணி பேசுவோருக்கு இந்த மாற்றத்தால் நட்டமுண்டு.

2036க்கும் 2038க்கும் இடையில் ரமழான் ஒக்டோபரை வந்தடையும். சீசனின் கடைசி வாரங்கள், பெரும்போக விதைப்பு, பெருநாள் செலவு மூன்றும் ஆறேழு வாரங்களுக்குள் அடுத்தடுத்து விழும். இன்று உல்லையில் பதினைந்து ஆண்டுக் குத்தகைக்குக் கையெழுத்திடுபவர்கள் அந்த ஒக்டோபர்களையும் சேர்த்தே எழுதிக்கொடுக்கிறார்கள்.